படத்தின் இசையும் பதிவான மண்டபமும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இவ்வாண்டுக் கூட்டத்தில் வாலிபர் ஒருவரும் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் விரும்பினார். பொருள் எதனையும் அவர் தரவில்லை. "உமக்குத் தெரிந்த ஒன்றைப் பேசும்" என்றார். எனக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று, பல்கலைக்கழகத்தில் நான் கற்கும் பௌதிகம். மற்றது, பரீட்சைக் காலத்திலுங்கூட என்னை விட்டகலாத படப்பாட்டு. இவ்விரண்டும் சந்திக்கின்ற இடமொன்று உண்டு. அதைப் பற்றியே இன்று பேசலாமென எண்ணுகிறேன். சினிமா என்றதும் முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நடிகர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சுவர்களைப் பற்றியே சொல்லப்போகிறேன். ஆகவே சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

ஒரு பாட்டு மனத்துக்குப் பிடித்துவிட்டால், பாடியவர் யார், இசையமைத்தவர் யார், எழுதியவர் யார் என்று விசாரிக்கிறோம். வயலின் வாசித்தவரின் பெயரைக்கூடச் சிலர் அறிந்து வைத்திருப்பர். ஆனால் அந்த நாற்பது ஐம்பது வயலின்களும் எந்தக் கூரையின் கீழே ஒலித்தன என்று எவரும் கேட்பதில்லை. கூரையும் சுவரும் இசையில் என்ன செய்துவிடும் என்பீர்கள். நிரம்பச் செய்யும் என்பதே என் கட்சி. பெயர்ப் பட்டியலில் இடம்பெறாத ஒரு வாத்தியம் ஒவ்வொரு படத்தின் இசையிலும் இருக்கிறது. அவ்வாத்தியம் அந்த மண்டபமே.

நீர்வேலியிலே கிணறு இல்லாத வளவு அரிது. சிறுவயதில் கிணற்றுக்கட்டில் சாய்ந்து உள்ளே கூப்பிட்டுப் பார்த்து, தாயாரிடம் ஏச்சு வாங்காதவர் இச்சபையில் இருக்கமாட்டார். அதே குரலை வாழைத்தோட்டத்தின் நடுவில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். குரல் மெலிந்து, இலைகளுக்குள்ளே புகுந்து போய்விடும். தொண்டை ஒன்றே. கிணறு அதற்குக் கனமும் நீளமும் கொடுத்தது. தோட்டம் கொடுத்ததையும் பறித்துக்கொண்டது. இதற்குமேல் இவ்விஷயத்தில் அடிப்படை ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் கணக்கு.

அக்கணக்கையும் ஒரு சிறிது பார்ப்போம். எங்கள் ஊர் வெப்பத்தில் சத்தம் செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் தூரம் செல்லும். 17 அல்லது 18 மீற்றர் தூரத்தில் ஒரு சுவர் இருந்தால், போய்த் தெறித்து மீள ஒரு செக்கனிற் பத்திலொரு பங்கு எடுக்கும். பக்கச் சுவர், கூரை, நிலம், பின்சுவர் என்று ஒவ்வொன்றிலும் தெறித்த சத்தங்கள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கின்றன. காது அவற்றைத் தனித்தனியே பிரித்துக் கேட்பதில்லை. ஆனால் அவற்றைக் கொண்டே, "இது பெரிய இடம், இது சிறிய இடம், இது கல், இது மரம்" என்று எங்களை அறியாமலே தீர்மானித்துவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் கைதட்டினாலும், அவர் குளியலறையில் நிற்கிறாரா கோயில் மண்டபத்தில் நிற்கிறாரா என்று சொல்லிவிடலாம் அல்லவா?

இதை முதன்முதல் முறையாக அளந்தவர் வாலஸ் சபீன் என்ற அமெரிக்கர். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் ஆசிரியர் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. அதைச் சீர்செய்யும்படி 1895 இல் இளம் பௌதிக ஆசிரியரான சபீனிடம் பணித்தனர். அவர் இரவிலே, ஊர் அடங்கிய பின், வேறோர் அரங்கின் ஆசன மெத்தைகளைச் சுமந்து கொண்டுவந்து பரப்பி, ஓர் ஓகன் குழலை ஒலிக்கச்செய்து, அது காதுக்குக் கேளாமற் போகும்வரை எத்தனை செக்கன் என்று எண்ணினார். வெறும் மண்டபத்தில் ஐந்து செக்கனுக்கு மேல் நின்ற ஒலி, மெத்தைகள் கூடக் கூடக் குறைந்துகொண்டு வந்தது. மண்டபத்தின் கொள்ளளவு கூடினால் ஒலி அடங்கும் நேரமும் கூடும். உள்ளே ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் அந்நேரம் குறையும். இதுவே அவர் கண்ட விதி. உறிஞ்சுவதற்கு அளவுகோலாக அவர் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? திறந்த யன்னல்! யன்னலால் வெளியே போன சத்தம் திரும்பி வருவதில்லை. ஆகவே அதுவே முழு உறிஞ்சல். இக்கணக்கைக் கொண்டு கட்டிய பொஸ்ரன் நகரத்து இசைமண்டபம் 1900 இல் திறக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த இசைமண்டபங்களுள் ஒன்றென்று அதனை இன்றும் மெச்சுகின்றனர்.

நான் படித்தது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே காலைப் பிரார்த்தனைக்குத் தேவாலயத்தில் நாங்கள் எல்லோரும் கூடுவோம். உயர்ந்த கூரை, தடித்த சுண்ணாம்புச் சுவர், சீமெந்துத் தரை. அங்கே பாடப்படும் கீதங்கள் ஆறுதலாக, ஒவ்வொரு சுரமும் நீண்டு நின்று செல்லும் வகையில் அமைந்தவை. பாடற்குழுவினர் நிறுத்திய பின்னும் கடைசிச் சுரம் கூரையின் கீழே ஒருகணம் நிற்கும். சனிக்கிழமை யாருமில்லாதபோது போனால் இன்னும் அதிக நேரம் நிற்கும். அறுநூறு பிள்ளைகளின் உடலும் உடையும் அவ்வளவு ஒலியை உறிஞ்சியிருக்கின்றன. இனி, அந்தத் தேவாலயத்தில் ஒரு தவில் தனியாவர்த்தனத்தை நினைத்துப் பாருங்கள். செக்கனுக்கு எட்டுச் சொல் விழுகிறதென்று வைத்துக்கொள்வோம். மண்டபத்தில் ஒலி அடங்க இரண்டு செக்கன் எடுக்குமானால், ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினாறு சொற்கள் குவிந்து கிடக்கும். கணக்கு எல்லாம் கலங்கிப்போகும். ஆகவேதான் தவிலும் நாதஸ்வரமும் வீதிக்கும் திறந்த மண்டபத்துக்கும் ஏற்றவையாய் வளர்ந்தன. தேவாலயத்துக் கீதம் கல்லுக் கூரைக்கு ஏற்றதாய் வளர்ந்தது. இசையை மனிதர் அமைத்தனர் என்கிறோம். பாதியை இடம் அமைத்திருக்கிறது.

இப்பொழுது சினிமாவுக்கு வருவோம்.

தமிழின் முதற் பேசும்படமான காளிதாஸ் 1931 இல் வெளியாயிற்று. அது எடுக்கப்பட்டது சென்னையில் அன்று, பம்பாயில். அக்காலத்தில் நடிப்பவரே பாடவேண்டும், படம் பிடிக்கும்போதே பாட்டும் பதிவாக வேண்டும். வாத்தியக்காரர் கமராவின் கண்ணில் அகப்படாமல் ஒரு பக்கமாய் ஒதுங்கி நின்று வாசிப்பர். திரையிலே நாயகி காட்டில் நின்று பாடினால், பாட்டும் வெளியிற் பாடிய பாட்டாகவே கேட்கும். படத்தின் இடமும் இசையின் இடமும் ஒன்றாகவே இருந்தன. பின்னர், பாட்டை முன்கூட்டியே ஓர் அறையில் பதிந்துவிட்டு, நடிப்பவர் வாயசைக்கும் முறை வந்தது. 1938 இல் வந்த நந்தகுமார் தமிழில் அதற்கு முன்னோடி என்பர். அன்றுதான் இசை முதன்முதலாகப் படத்தினின்றும் பிரிந்து, தனக்கென்று ஒரு வீட்டைத் தேடிக்கொண்டது.

அந்த வீடு எங்கேயிருந்தது என்பது எங்கள் தீவுக்கும் உரிய கேள்விதான். முதற் சிங்களப் பேசும்படமான கடவுணு பொறொந்துவ 1947 இல் திரையிடப்பட்டது. அது உருவானது மதுரையில், சித்திரகலா மூவிடோன் என்னும் படப்பிடிப்பு நிலையத்தில். இலங்கையின் குரல் இந்தியக் கூரையின் கீழே பதிவாகித் திரும்பி வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஜெமினியின் சந்திரலேகா வந்தது. முரசுகளின் மேலே ஆடும் அந்த நடனத்தை அறியாதவர் இல்லை. கண்ணுக்கு எவ்வளவு விசாலமோ, காதுக்கும் அவ்வளவு விசாலமான இசை வேண்டுமென்று வாசன் அவர்கள் செலவைப் பாராது பெரிய வாத்தியக் கோஷ்டியை அமர்த்தினார். அந்த ஸ்ரூடியோ இன்று இல்லை. சென்னை மேம்பாலம் ஒன்றுக்கு மட்டும் அதன் பெயரை மக்கள் இன்னும் வழங்கி வருகின்றனர்.

இனி நான் சொல்லவந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். இளையராஜா அவர்கள் 1976 இல் அன்னக்கிளியுடன் அறிமுகமானார். அதன் பின்னர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், அவருடைய வேலையில் மிகப் பெரும்பகுதி சென்னை சாலிகிராமத்திலுள்ள பிரசாத் ஸ்ரூடியோவின் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே நடந்தது. படம் முடிந்தபின் பின்னணி இசை சேர்க்கும் வேலையைச் சென்னையில் "ஆர். ஆர்." என்று சுருக்கமாய்ச் சொல்வர், ரீ-ரெக்கார்டிங் என்பதன் சுருக்கம். அவர் காட்சியைப் பார்ப்பார். மேலைத்தேயக் குறியீட்டில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதை எழுதுவார். எழுதியதைப் பிரதி செய்து வாத்தியக்காரரிடம் கொடுப்பர். அவர்கள் அதனைப் பார்த்த மாத்திரத்தே வாசிப்பர். அன்றன்றைக்கு எழுதி அன்றன்றைக்குப் பதியும் இந்த வேகத்தைக் கண்டு வியக்காதவர் இல்லை.

இதில் நான் கவனிக்க விரும்புவது வேறொன்று. தொடக்க காலத்தில் ஒலிநாடாவில் தனித்தனியாகப் பதிவதற்கு இடம் மிகக் குறைவு. ஆகவே வயலின், செலோ, புல்லாங்குழல், கிற்றார், தபேலா எல்லாம் ஒரே நேரத்தில் வாசிக்கவேண்டும். புல்லாங்குழலுக்கென்று வைத்த ஒலிவாங்கியில் வயலினும் சற்றே கசிந்து வரும். அந்தக் கசிவு சுவரிலே தெறித்து வந்த கசிவு. ஒலிப்பதிவாளர் அதைக் குறைக்கவே பாடுபடுவார். தடுப்புப் பலகைகளை வைப்பார். எனினும் முற்றாகப் போகாது. கேட்கும் எங்களுக்கோ, அக்கசிவுதான் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்து வாசிக்கிறார்கள் என்ற உணர்ச்சியைக் கொடுக்கிறது. எண்பதுகளின் பாட்டுக்களில் அந்த வயலின் கூட்டம் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். பின்னால் நீண்ட முழக்கம் கிடையாது. கிராமத்துத் தாளத்தின் மேலே வயலின்கள் விரைந்து ஓடும்போது ஒரு சுரமும் மற்றொன்றின் மேலே விழுவதில்லை. தேவாலயம் போன்ற ஒரு மண்டபத்தில் அவர் நாற்பது ஆண்டு வேலை செய்திருந்தால், அப்படி எழுதியிருக்கமாட்டார் என்றே நான் நம்புகிறேன். தினமும் தன் காதில் விழுந்த கூடத்துக்கு ஏற்பவே ஒருவன் எழுதுவான்.

சிலர் கேட்கலாம்: "தம்பி, அது கூடத்தின் குணமா, வாசித்தவர்களின் குணமா?" நல்ல கேள்வி. சென்னை வயலின்காரருள் பலர் கர்நாடக சங்கீதம் பயின்ற கையோடு மேலைத்தேய இசைக்கு வந்தவர்கள். பம்பாயில் அப்படியன்று, அங்கே கோவாவிலிருந்து வந்தவர்கள் அதிகம். கோவாவின் பங்குப் பாடசாலைகளில் சிறுவயதிலேயே குறியீடு பார்த்து வயலின் வாசிக்கக் கற்றவர்கள் அவர்கள். 1991 இல் வந்த தளபதிக்காக இளையராஜா பம்பாய்க்குச் சென்று அங்குள்ள வாத்தியக்காரரைக் கொண்டு பதிவு செய்தார். அப்படத்திலே சுந்தரி என்று தொடங்கும் பாட்டின் இடையிசையைக் கேட்டால், வயலின்கள் இன்னும் தடிப்பாக, தூரத்தினின்றும் படை வருவதுபோல் வருவது தெரியும். 2000 இல் ஹேராம் படத்துக்கு ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ற் நகரத்துக்குச் சென்றார். 2005 இல் வெளிவந்த திருவாசகமும் அதே நகரத்து வாத்தியக் குழுவைக் கொண்டு செய்யப்பட்டதே. எங்கள் கோயில்களில் ஓதுவார் ஒருவர் கருங்கல்லின் அருகே நின்று பாடும் திருவாசகம், ஐரோப்பிய மண்டபம் ஒன்றின் விசாலத்தோடு வந்தது. சிலருக்கு அது பிடித்தது. சிலர், உருக்கத்துக்கு அவ்வளவு பெரிய இடம் தேவையில்லை என்றனர். நான் முதற் கட்சி. ஆனால் இரண்டாம் கட்சியின் வாதத்திலும் பொருளுண்டு: மணிவாசகரின் வார்த்தை ஒருவன் இறைவனின் காதோடு பேசுவது, அதற்கு இடம் சிறிதாய் இருப்பதும் ஒரு நியாயமே.

புடாபெஸ்றுக்கு ஏன் போகிறார்கள்? முதற் காரணம் செலவு. இலண்டனிலும் பார்க்க அங்கே குறைந்த செலவில் எண்பது பேரைக் கொண்ட தேர்ந்த குழு கிடைக்கும். உரிமைப் பணம் தொடர்பான ஒப்பந்தமும் இலகு. பிராக், வட மசிடோனியாவின் ஸ்கோப்யே முதலிய நகரங்களும் இவ்வாறே உலகத்துப் படக்காரரை வரவேற்கின்றன. ஆயினும், அங்கே ஆட்களும் வேறு, மண்டபமும் வேறு. ஆகவே சென்னைக்கும் புடாபெஸ்றுக்கும் உள்ள வேறுபாட்டில் எத்தனை பங்கு சுவருக்கு உரியது என்று இதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. பௌதிக மாணவனுக்கு, ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைத்த பரிசோதனை வேண்டும்.

அப்படியொரு பரிசோதனை, யாரும் திட்டமிடாமலே, இங்கிலாந்தில் நடந்திருக்கிறது. ஜோன் வில்லியம்ஸ் என்பவர் இசையமைத்த ஸ்ரார் வோர்ஸ் படம் 1977 இல் வந்தது. வாசித்தவர்கள் இலண்டன் சிம்பனி வாத்தியக் குழுவினர். பதிவான இடம் இலண்டனுக்கு வெளியே டென்ஹாம் என்ற ஊரிலிருந்த அன்வில் ஒலிப்பதிவுக் கூடம். 1980 இல் வந்த இரண்டாம் படத்தின் இசையும் அங்கேயே பதிவாயிற்று. அவ்வாண்டே அக்கூடம் மூடப்பட்டது. ஆகவே 1983 இல் வந்த மூன்றாம் படத்துக்கு அபே றோட்டின் முதலாம் மண்டபத்துக்குப் போனார்கள். அதே இசையமைப்பாளர், அதே வாத்தியக் குழு, அதே தொடர்கதை, பெரும்பாலும் அதே இசைக்கருக்கள். மாறியது முக்கியமாக மண்டபந்தான். முதற் படத்தின் ஆரம்ப இசையில் பித்தளைக் குழல்கள் முகத்துக்கு நேரே நின்று ஊதுவதுபோல் கூர்மையாக ஒலிக்கும். ஒவ்வொரு முரசடியும் தனியே நிற்கும். மூன்றாம் படத்தில் அதே இசை ஒரு வெளியின் நடுவே நிற்கிறது. சுற்றிலும் காற்று இருக்கிறது. அபே றோட் மண்டபம் 1931 இல் எல்கார் என்னும் ஆங்கில இசைமேதையைக் கொண்டு திறக்கப்பட்டது. நூறு பேர் வசதியாக இருந்து வாசிக்கலாம். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பாருங்கள். இசை தெரியாதவருக்கும் வேறுபாடு தெரியும்.

இலண்டனிலேயே இன்னொரு மண்டபம் உண்டு. ஹாம்ஸ்டெட் பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய ஆறுபக்கத் தேவாலயம் ஒன்றை, பீற்றில்ஸ் குழுவின் இசைத்தட்டுக்களைத் தயாரித்த ஜோர்ஜ் மார்ட்டின் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி 1992 இல் திறந்தார். மேலே தொங்கும் பலகைகளை ஏற்றியும் இறக்கியும் ஒலி அடங்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். இன்று உலகமெங்கும் நாம் கேட்கும் "பெரிய படத்து" இசையில் ஒரு பகுதி அந்தத் தேவாலயத்தின் சத்தந்தான். 2014 இல் வந்த இன்ரஸ்ரெல்லர் படத்துக்கு ஓர் ஓகன் வேண்டியிருந்தபோது, இலண்டனின் பழைய ரெம்பிள் தேவாலயத்துக்கே ஒலிவாங்கிகளைக் கொண்டுபோனார்கள். ஏனெனில் ஓகன் என்பது குழல்கள் மட்டுமன்று. அது நிற்கும் கட்டிடமும் சேர்ந்தே ஓகன்.

இவ்வளவும் வேடிக்கையான செய்திகள். இதனால் எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

முதலாவது, சென்னையின் கூடங்கள் மறைகின்றன. 1992 இல் ரகுமான் அவர்கள் ரோஜா மூலம் வந்தபோது, வீட்டோடு சேர்ந்த சிறிய ஒலிப்பதிவு அறை போதும் என்றாகிவிட்டது. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியே, வாய்க்கருகில் ஒலிவாங்கியை வைத்துப் பதிந்து, வேண்டிய மண்டபத்தைக் கருவியினால் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். அவர் அதைக் கொண்டு செய்த அழகு ஒப்பற்றது. அதை நான் குறை சொல்லவில்லை. பின்னர் 2008 இல் இசைக்கல்லூரி ஒன்றை நிறுவிப் பிள்ளைகளைக் கொண்டு வாத்தியக் குழு அமைத்தவரும் அவரே. ஆனால் பெரிய கூடங்களுக்கு வேலை குறைந்தது. பிரசாத் கூடத்தைப் பற்றி இளையராஜாவுக்கும் உரிமையாளருக்கும் ஏற்பட்ட பிணக்கு நீதிமன்றம் வரை சென்று, 2020 இன் இறுதியில் அவர் அங்கிருந்து நீங்கும்படியாயிற்று. 2021 பெப்ரவரியில் கோடம்பாக்கத்தில் தமக்கென ஒரு கூடத்தைத் திறந்தார். வழக்கின் நியாயம் யார் பக்கம் என்பது எனக்குரிய விஷயமன்று. என் காதுக்கு நேர்ந்த நட்டம் மட்டும் எனக்குத் தெரியும். புதிய கூடம் சிறந்ததாயிருக்கலாம், பழையதாய் இருக்கமாட்டாது. சென்ற 2025 மார்ச் 8 ஆந் தேதி அவருடைய சிம்பனி இலண்டனில் றோயல் பில்ஹார்மோனிக் குழுவினரால் அரங்கேறியது. அரங்கேறிய மண்டபம் 1932 இல் சினிமா கொட்டகையாகத் திறக்கப்பட்டது என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கே போனாலும் சினிமா அவரை விடுவதாயில்லை!

இரண்டாவது விஷயம் இன்னும் அருகில் உள்ளது. யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் இப்பொழுது குறும்படமும் முழுநீளப் படமும் எடுக்கிறார்கள். இசை எங்கே செய்கிறார்கள்? வீட்டு அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, மடிக்கணினியில். விசையை அழுத்தினால் அறுபது வயலின்கள் எழுகின்றன. அவ்வயலின்கள் மெய்யான மனிதர் மெய்யாக வாசித்துச் சுரம் சுரமாய்ப் பதிந்து விற்கும் ஒலித் தொகுப்புக்கள். அவற்றுட் புகழ்பெற்ற பல, நான் முன்னே சொன்ன ஹாம்ஸ்டெட் தேவாலயத்திலும் அபே றோட்டிலும் பதிவானவை. ஆகவே இங்கே ஒரு பனங்கூடலைக் காட்டி, தனித்து நடக்கும் ஒரு தாயைக் காட்டி, அடியில் வயலினை ஒலிக்கவிட்டால், அந்தத் தாய் நடப்பது கண்ணுக்கு யாழ்ப்பாணம், காதுக்கு இலண்டன். ஒவ்வொரு சுரத்தோடும் அம்மண்டபத்தின் சுவரும் வருகிறது. வயலினை வேண்டாமென்று சொல்லும் பத்தாம்பசலி அல்லேன் நான். ஆனால் உலகத்துப் படங்கள் எல்லாமே ஒரே அறையினுள் நடப்பதுபோல் கேட்கத் தொடங்கியிருப்பதை, காது உள்ள எவரும் உணரலாம்.

எங்களிடம் மண்டபமே இல்லையா? உண்டு. கருங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட பழைய கோயில் மண்டபங்கள் உண்டு. ஓட்டுக் கூரையும் மரத் தீராந்தியும் கொண்ட மடங்கள் உண்டு. நான் படித்தது போன்ற தேவாலயங்கள் உண்டு. தகரக் கூரையின் கீழ் மழை பெய்யும்போது ஒரு வார்த்தையும் கேளாத வகுப்பறைகளும் உண்டு, அவற்றை விட்டுவிடுவோம். போரிலே கூரையிழந்த கட்டிடங்கள் எத்தனை என்று எங்கள் பெற்றோருக்குத் தெரியும். அவற்றுள் ஒலித்த ஒலி எவரிடமும் இல்லை. தவில்மேதை தெட்சணாமூர்த்தி அவர்களின் வாசிப்பு ஒலிநாடாக்களில் இன்று எங்களுக்கு அகப்படும்போது, கை மட்டுமல்ல, வீதியில் நின்ற சனக்கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்தே கேட்கிறது. அதுவும் ஓர் இடத்தின் சாட்சி. இப்பொழுது போரில்லை. ஆனால் திருப்பணி நடக்கிறது. பழைய சுண்ணாம்புச் சுவரை இடித்துச் சீமெந்தும் பளபளக்கும் தரை ஓடும் பதிக்கிறோம். பக்தியோடு செய்யும் வேலை, பெரியோர்களைக் குறை கூற நான் வரவில்லை. இருப்பினும் பளிங்குபோன்ற தரை ஓடு ஒலியை ஏறக்குறைய முழுவதும் திருப்பி எறியும். நாதஸ்வரம் அங்கே தித்திக்காது, காதைக் குத்தும். பின்பு ஒலிபெருக்கியும் வைத்தால், சொல்லவேண்டியதில்லை.

இடிப்பதைத் தடுக்க என்னால் இயலாது. இடிக்குமுன் அம்மண்டபத்தின் ஒலியை எடுத்து வைக்க இயலும். துருக்கியில், இஸ்தான்புல் நகரத்து ஹாகியா சோபியா என்ற மாபெரும் கட்டிடத்தில், அமெரிக்க ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் 2010 இல் பலூன்களை வெடித்து அந்தச் சத்தம் எவ்வாறு அடங்குகிறதென்று பதிந்தனர். ஒரு பலூன் வெடிக்கும் ஒரு கணத்துச் சத்தத்தில், அக்கட்டிடத்தின் ஒவ்வொரு தெறிப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. பின்னர் கணினியின் மூலம் வேறெங்கோ பாடியவர்களின் குரலின்மேல் அதனைப் படியவைத்து, 2019 இல் ஓர் இசைத்தட்டாகவே வெளியிட்டனர். அவர்கள் பாடியது கலிபோர்னியாவில். கேட்பவருக்கு அது ஹாகியா சோபியா. பலூனுக்குப் பதிலாக வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை வெடிப்பாரும் உண்டு. இங்கே நள்ளிரவில் அச்சத்தம் கேட்டால் எந்தெந்த வீட்டில் யார் யார் திடுக்கிட்டு எழும்புவார்கள் என்று சபையோருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பலூனே போதும்.

செய்யும் முறை மிக இலகு. இரவுப் பூசை முடிந்து சனம் கலைந்த பின், ஐயரிடமும் தருமகர்த்தாக்களிடமும் அனுமதி பெற்று, மின்விசிறிகளை நிறுத்தவேண்டும். நாதஸ்வரக்காரர் வழக்கமாய் நிற்கும் இடத்தில் ஒருவர் பலூனுடன் நிற்க, மண்டபத்தின் மறுமுனையில் நல்ல ஒலிப்பதிவுக் கருவியொன்றை வைத்து, வெடித்து, பத்துச் செக்கன் மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்கவேண்டும். இப்படி மூன்றுமுறை. பின் கருவியை வேறிடத்தில் வைத்து மறுபடியும் மூன்றுமுறை. எத்தனை பேர் உள்ளே நின்றார்கள், கதவுகள் திறந்திருந்தனவா, மழை பெய்ததா என்பவற்றைத் தேதியோடு எழுதி வைக்கவேண்டும். இவ்வளவும் கையில் இருந்தால், பத்து ஆண்டுக்குப் பின் இவ்வூர்ப் பெடியன் ஒருவன் படமெடுக்கும்போது, தன் அறையில் வாசித்த வயலினை நீர்வேலி மண்டபம் ஒன்றினுள்ளே கொண்டுபோய் நிறுத்தலாம்.

கிராமபோன் காலந்தொட்டு ஒலிப்பதிவில் ஈடுபட்ட பெரியவர்களும், நல்ல ஒலிவாங்கி வைத்திருக்கும் சிறியவர்களும் இச்சபையில் இருப்பீர்களானால், கூட்டம் முடிந்ததும் விறாந்தையில் என்னைக் காணலாம். எந்த மண்டபத்தில் திருப்பணி முதலில் தொடங்க இருக்கிறது என்று அறிந்தவர்கள் அதையும் சொன்னால் உதவியாயிருக்கும். பலூன் செலவு என்னுடையது. மின்விசிறிகளை நிறுத்த மறந்துபோகாத இருவர் வேண்டும்.